நாய் வரும்வரை கதவைத் திறக்காதே

தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் மனப்பாடமான செய்தி ஒன்று உண்டு. மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சம்பவ இடத்திலிருந்து சிறிது தூரம் ஓடி பஸ் நிறுத்தம் அருகே நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. நகைக்கடைக் கொள்ளையாக இருக்கட்டும், கோயில் உண்டியல் உடைப்பாக இருக்கட்டும், ஊர் பெயரும் சவரன் கணக்கும்தான் மாறும். நாய் மாறாது. அதே பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கும். சின்ன வயதில் அந்த நாய்க்காக நான் நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறேன். திருடன் பஸ் ஏறிப் போய்விட்டான் என்றால் அது என்ன செய்யும் பாவம், டிக்கெட்டா எடுக்கும்?

பெரியவனான பிறகு 1888ஆம் வருடத்து லண்டன் கதையைப் படித்தபோதுதான் அந்த வருத்தம் தீர்ந்தது. அங்கே நாய் பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடப் போகவில்லை. ஸ்பாட்டுக்கே வரவில்லை. வராத நாய்க்காக ஸ்காட்லாந்து யார்டின் பெரிய பெரிய அதிகாரிகள் பூட்டிய கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள்.

நாயின் பூர்வோத்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிளட்ஹவுண்ட் என்ற பெயரைக் கேட்டால் வாயில் ரத்தம் ஒழுக நிற்கும் ராட்சசன்தான் நினைவுக்கு வருவான். நேரில் பார்த்தால், பென்ஷன் ஆர்டர் இன்னும் வராத ரிட்டயர்டு தாசில்தார் மாதிரி இருக்கும். நெற்றியெல்லாம் சுருக்கம், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, தரையைப் பெருக்கும் காது, ஓயாமல் வடியும் எச்சில். உலகத்துத் துக்கமெல்லாம் தன் தலையில் விழுந்த மாதிரி ஒரு பார்வை. பெயரில் உள்ள ரத்தம் குடிக்கிற ரத்தம் இல்லை, நல்ல குலத்து ரத்தம் என்பது ஒரு விளக்கம். அடிபட்ட மிருகத்தின் ரத்தச் சுவட்டைப் பிடித்துப் போவதால் வந்த பெயர் என்பது இன்னொன்று. நாய்க்கு இரண்டிலும் ஆட்சேபணை இல்லை.

இதன் முன்னோர்களை வளர்த்தவர்கள் சாமியார்கள். பெல்ஜியத்து ஆர்டென் காடுகளில் புனித ஹியூபர்ட் பெயரில் ஒரு மடம். அந்த ஹியூபர்ட், ஊரே புனித வெள்ளிக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வேட்டைக்குக் கிளம்பியவர். துரத்திய மான் திரும்பிப் பார்க்க, அதன் கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஜொலித்தது. மனிதர் அங்கேயே மனம் திருந்தி, பிறகு பிஷப் ஆகி, 727இல் காலமானார் என்பது ஐதிகம். வேட்டையால் மனம் நொந்தவரைத் திருச்சபை எதற்குப் பாதுகாவலராக நியமித்தது தெரியுமா? வேட்டைக்காரர்களுக்கு. துறை ஒதுக்கீட்டில் இந்தக் குளறுபடி அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது. மடத்துச் சாமியார்கள் நாய்களைப் பெருக்கி, பிரெஞ்சு ராஜாவுக்கு வருடா வருடம் சில ஜோடி அனுப்பி வைத்தார்கள். மடத்துக்கு ராஜ தயவு வேண்டாமா?

ஸ்காட்லாந்தில் இதே ஜாதிக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: மனிதனைத் துரத்துவது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் ராபர்ட் புரூஸ் எதிரிகளுக்குத் தப்பிக் காடு மேடாக ஓடினார். துரத்தியவர்களிடம் ஒரு மோப்ப நாய். அது புரூஸே தம் கையால் சோறு போட்டு வளர்த்த நாய் என்றும் ஒரு பேச்சு இருந்ததாக ஜான் பார்பர் என்ற கவிராயர் எழுதி வைத்திருக்கிறார். வளர்த்த கடா மார்பில் பாயும் என்று நாம் சும்மாவா சொல்கிறோம். ஆனால் நாயின் தரப்பையும் கேட்க வேண்டும். அதற்கு எசமானின் மணம் வந்தது, ஆசையாக ஓடியது. கூடவே வாளோடு ஒரு கூட்டம் வருவது அதற்கு என்ன தெரியும்? புரூஸ் ஓர் ஓடையில் இறங்கி நடந்து வாடையைக் கரைத்துத் தப்பினார். அந்த நாய்களை அவர்கள் ‘ஸ்லூத் ஹவுண்ட்’ என்றார்கள். ஸ்லூத் என்றால் சுவடு. பிற்பாடு ஹவுண்டைக் கழற்றிவிட்டு, ஸ்லூத்தை மட்டும் துப்பறியும் மனிதர்களுக்குப் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். உழைத்தது நாய், பட்டம் வாங்கியது மனிதன்.

இனி லண்டன். 1888 இலையுதிர் காலம். கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் பெண்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரவு படுக்க ஒரு கட்டிலுக்கு நாலு பென்னி வாடகை. அதுகூடக் கையில் இல்லாமல் தெருவில் அலைந்த ஏழைகள். அவர்களைப் பற்றிச் சிரிக்க எதுவும் கிடையாது. இந்தக் கட்டுரையில் உள்ள சிரிப்பு முழுவதும் காவல் துறையின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

செப்டம்பர் 30ஆம் தேதி ஒரே இரவில் இரண்டு கொலை. பத்திரிகைகள் கமிஷனர் சர் சார்லஸ் வாரனைப் பிடித்துக்கொண்டன. வாரன் அடிப்படையில் போலீஸ்காரரே இல்லை, ராணுவத்து இன்ஜினியர். ஜெருசலேமில் நிலத்தைத் தோண்டிப் பழைய சுரங்க வழிகளைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் புதைந்ததைத் தேடி எடுத்தவருக்கு, இரண்டு தெரு தள்ளிப் போனவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு முந்திய வருடம் நவம்பர் 13ஆம் தேதி டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிய ஊர்வலக்காரர்களை போலீசையும் பட்டாளத்தையும் விட்டு நொறுக்கியிருந்தார். ‘ரத்த ஞாயிறு’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஊரில் அவருக்கு இருந்த செல்வாக்கை நீங்களே ஊகிக்கலாம்.

யோசனை சொல்ல மட்டும் லண்டனில் ஆளுக்குப் பஞ்சமில்லை. போலீசாருக்குச் சேலை கட்டிவிடுங்கள் என்கிற மாதிரி, பெண் வேடம் போட்டு அனுப்புங்கள் என்றார்கள் சிலர். செத்தவர் கண்ணில் கொலைகாரன் உருவம் பதிந்திருக்கும், போட்டோ எடுங்கள் என்றார்கள் சிலர். ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்கள் கையில் எடுத்ததுதான் நாய். அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1876இல் பிளாக்பர்ன் நகரத்தில் ஒரு சிறுமி கொலையான வழக்கில், போலீஸ் துழாவியும் அகப்படாத தடயத்தை ஒரு கலப்பின நாய் நாவிதர் கடையின் புகைபோக்கியில் போய்க் காட்டிக்கொடுத்தது. குற்றவாளிக்குத் தண்டனையும் கிடைத்தது. நாயே, நீதான் கதி என்று நாடு முடிவு செய்தது.

ஸ்கார்பரோ பக்கத்தில் எட்வின் ப்ரோ என்று ஒருவர். பிளட்ஹவுண்ட் வளர்ப்பில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவரிடமிருந்து அக்டோபர் முதல் வாரத்தில் பார்னபி, பர்கோ என்று இரண்டு நாய்கள் லண்டன் வந்து இறங்கின. ப்ரோவின் பயிற்சியில் ஒரு விசேஷம் உண்டு. வேறு சிலர் செருப்பில் ரத்தத்தையோ சோம்பு எண்ணெயையோ தடவி நாயை ஓட விடுவார்கள். இவர் எதையும் தடவ மாட்டார். வெறும் மனித வாடை மட்டும்தான். கொலைகாரன் சோம்பு எண்ணெய் தடவிக்கொண்டு வர மாட்டான் என்ற எளிய உண்மை அவருக்குப் புரிந்திருந்தது.

அக்டோபர் 8, காலை ஏழு மணி. ரீஜண்ட்ஸ் பூங்காவின் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஒருவனைப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடவிட்டு நாய்களை அவிழ்த்தார்கள். ஏறக்குறைய ஒரு மைல் தூரம் அவை வாடை பிடித்தே போயின. அன்று இரவு ஹைடு பூங்காவில், இருட்டில், கயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு சோதனை. மறுநாள் காலை கமிஷனரே எழுந்து வந்துவிட்டார். மொத்தம் ஆறு ஓட்டம். அதில் இரண்டில் துரத்தப்படுகிற ஆளாக நடித்தவர் யார்? சாட்சாத் சர் சார்லஸ் வாரன்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். விடிகாலைப் பனியில் முன்னால் லண்டன் போலீஸ் கமிஷனர். பின்னால் இரண்டு நாய். ரத்த ஞாயிறன்று அடிபட்டவர்கள் அத்தனை பேரும் பதினோரு மாதமாகக் கனவில் கண்ட காட்சி. டிக்கெட் போட்டிருந்தால் துறைக்கு நல்ல வசூல்.

ஓட்டங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். பாதித் தூரத்தில் வேறு ஆட்களின் சுவடு குறுக்கிட்டு நாய்கள் தடுமாறின. பர்கோ திரும்பி ஓடிவிட்டது. பார்னபி மட்டும் தானாக முன்னால் போய் மறுபடி வாடையைப் பிடித்தது. அது தப்பான வழியில் போகிறது என்றுதான் எசமான் ப்ரோவே நினைத்தார். ஆனாலும் வாயைத் திறக்காமல், அதன் போக்கில் விட்டார். கடைசியில் நாய் சரி, எசமான் தப்பு. இந்தக் கதை முழுவதிலும் வாயைத் திறக்காமல் இருந்து நல்ல காரியம் செய்த மனிதர் ப்ரோ ஒருவர்தான்.

சோதனை பாஸ். கமிஷனருக்கும் திருப்தி போலத்தான் தெரிந்தது. ஆனால் அபிப்பிராயம் என்று எதையும் வாய் திறந்து சொல்லவில்லை. அரசாங்க அதிகாரியின் திருப்தி அப்படித்தான் இருக்கும். நாயை வாங்குவார்களா, வாடகைக்கு எடுப்பார்களா, செத்துப்போனால் யார் பொறுப்பு? எதற்கும் உறுதியான பதில் கிடையாது. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பர்கோ, பிரைட்டனில் நடந்த நாய்க் கண்காட்சிக்குப் போய்விட்டது. பார்னபியை டாண்டன் என்ற நண்பர் வீட்டில் விட்டுவிட்டு ப்ரோ ஊர் திரும்பினார். நடுவில் கமர்ஷியல் தெருவில் ஒரு திருட்டு. போலீஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. டாண்டன் பார்னபியைக் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் ஸ்பாட் முழுக்க போலீஸ் பூட்ஸ் தடம். மிதித்துத் துவைத்துவிட்டு, எங்கே இப்போது மோந்து பார் என்றால் நாய் யாரைப் பிடிக்கும்? இன்ஸ்பெக்டரைத்தான் பிடிக்க வேண்டும்! இந்தத் திருட்டுக்கு நாய் போன செய்தி ப்ரோ காதுக்கு எட்டியதும் அவருக்குத் திக்கென்றது. நாய்க்குக் காப்பீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒரு திருடன் இறைச்சியில் விஷம் வைத்தால் அதோடு போச்சு. உடனே அனுப்பி வை என்று சொல்லி பார்னபியையும் வரவழைத்துக்கொண்டார். அக்டோபர் முடிவதற்குள் இரண்டு நாயுமே லண்டனில் இல்லை.

இதற்குள் பத்திரிகைகள் இன்னொரு கதை கட்டிவிட்டன. டூட்டிங் பொட்டலில் பயிற்சிக்குப் போன நாய்கள் காணாமல் போய்விட்டனவாம். பார்த்தவர்கள் தகவல் கொடுக்கும்படி எல்லா ஸ்டேஷனுக்கும் தந்தி பறந்ததாம். கொலைகாரனைத் தேட நாய், நாயைத் தேட போலீஸ்! ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. நடந்தது வேறு. டூட்டிங்கில் ஒரு ஆடு கொல்லப்பட்டது. உள்ளூர் போலீஸ், கொலை என்றால் கொலைதானே என்று, பிளட்ஹவுண்ட் கேட்டுத் தந்தி அடித்தது. நாய் கைவசம் இல்லை. ‘நாய் இல்லை’ என்பது ஆள் மாறி ஆள் சொல்லி ‘நாயைக் காணோம்’ ஆகிவிட்டது. ஆட்டைக் கொன்றவனையாவது பிடித்தார்களா என்று எந்தப் பத்திரிகையும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நவம்பர் 9ஆம் தேதிக்கு வருவோம். டார்செட் தெருவை ஒட்டிய மில்லர்ஸ் கோர்ட் என்ற சந்து. காலை பத்தே முக்காலுக்கு வாடகை வசூலிக்கப் போன ஆள் உடைந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உள்ளே இன்னொரு பெண் கொலையாகிக் கிடக்கக் கண்டு பதறி ஓடினான். இன்ஸ்பெக்டர் பெக் வந்தார். டாக்டர் பிலிப்ஸ் வந்தார். பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டர் ஆபர்லைன் வந்தார். கதவு பூட்டியிருந்தது. உடைக்கலாமா? கூடாது! நாய்க்கு ஆள் போயிருக்கிறது. வந்துகொண்டிருக்கிறது என்று பதிலும் வந்துவிட்டது. நாய் வருவதற்குள் உள்ளே காலை வைத்து வாடையைக் கலைத்துவிடக் கூடாது.

‘வந்துகொண்டிருக்கிறது’ என்ற அந்தப் பதிலைக் கொடுத்த புண்ணியவான் யார் என்று எனக்கு அறிய ஆசை. எந்த அலுவலகத்தில் எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவர் நமக்கு நெருங்கிய சொந்தம். கேஸ் சிலிண்டருக்கும், கரண்டுக்கும், தண்ணீர் லாரிக்கும் இன்றுவரை அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. இருநூறு மைலுக்கு அப்பால் நாய் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். ஆணை போட்ட கமிஷனரிடம் கேட்கலாமென்றால், அவர் முந்தின நாள்தான் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார். கொலைகாரன் பிடிபடாததற்காக இல்லை. ‘மர்ரேஸ் மேகஸின்’ என்ற பத்திரிகையில் காவல் துறை பற்றி முன் அனுமதி வாங்காமல் கட்டுரை எழுதிவிட்டார்! 1879இல் போட்ட சுற்றறிக்கையை உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸ் தூசி தட்டி எடுத்துக் காட்டினார். வாரனுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மாதமாக ஊரை நடுங்க வைத்த கத்தியால் ஆட்டவே முடியாத நாற்காலியைப் பத்திரிகைக் கட்டுரை ஒன்று கவிழ்த்தது. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சின்னப் பெருமை.

மதியம் ஒன்றரைக்கு சூப்பிரண்டு ஆர்னால்டு வந்து சேர்ந்தார். நாய் பற்றிய உத்தரவு ரத்து, கதவை உடையுங்கள் என்றார். வீட்டுக்காரர் மெக்கார்த்தி கடப்பாரை மாதிரி ஒரு கோடரியைக் கொண்டுவந்து உடைத்தார். பிறகுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. அந்த வீட்டுச் சாவி தொலைந்து நாளாகிவிட்டது; உடைந்த ஜன்னலுக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கித்தான் அங்கே குடியிருந்தவர்கள் புழங்கிக்கொண்டிருந்தார்கள். கோடரியும் தேவையில்லை, நாயும் தேவையில்லை. ஒரு கை போதும்.

வாரனின் பிற்காலத்தை ஒரு வரியில் சொல்லி முடிக்கலாம் என்றால் முடியவில்லை. 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் ஸ்பியான் காப் என்ற குன்றைப் பிடிக்க அவருடைய படை பனிமூட்டத்தில் ஏறியது. பனி விலகியதும் பார்த்தால், எதிரி சுற்றிலும் வசதியான இடங்களில் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்தியத் தொண்டர் படைக்குத் தலைவர் மோகன்தாஸ் காந்தி. படையில் பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் கூலிகளில் தமிழர் நிறையப் பேர். ஹைடு பூங்காவில் நாய்க்கு முன்னால் ஓடிய கமிஷனரின் தவறுகளை, கடைசியில் நம்ம ஊர்க்காரர்களும் தோளில் சுமந்திருக்கிறார்கள்.

ஆர்தர் கோனன் டாயில் மட்டும் இந்த நாய்ப் பரபரப்பைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பது என் சந்தேகம். 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் ஷெர்லாக் ஹோம்ஸ், டோபி என்ற கலப்பின நாயைத் தார் எண்ணெய் வாடையில் துரத்த விடுகிறார். அது ஊரெல்லாம் சுற்றி, பெருமையாக ஒரு தார் எண்ணெய்ப் பீப்பாய் முன்னால் போய் நிற்கிறது. நம்ம பஸ் நிறுத்தம்தான், கொஞ்சம் வேறு மாதிரி. ஆனால் ஹோம்ஸ் சிரித்துவிட்டு, சுவடு பிரிந்த இடத்துக்கு நாயைத் திருப்பிக் கூட்டிப்போகிறார். ஸ்காட்லாந்து யார்டுக்குக் கடைசிவரை தோன்றாத யோசனை.

சரி, நாய் உண்மையில் என்ன செய்யும்? நம் உடம்பிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த வாடை ஈரப் புல்லில் தங்கும். கொதிக்கும் தார்ச் சாலையில் சீக்கிரம் பறந்துவிடும். துவைக்காத தலையணை உறை, கழற்றிப் போட்ட சாக்ஸ், ஏதாவது ஒன்றை மோந்து பார்க்கக் கொடுத்தால் போதும். ஆயிரம் பேர் நடந்த இடத்தில் அந்த ஒருத்தரின் வாடையை மட்டும் பிரித்தெடுக்கும். அமெரிக்காவின் கென்டக்கியில் கேப்டன் முல்லிகின் வளர்த்த நிக் கார்ட்டர் என்ற நாய் 600க்கும் மேற்பட்ட ஆட்களைத் தேடிப் பிடித்ததாகப் பேர் பெற்றது. 105 மணி நேரம் பழசான சுவட்டைக்கூட விடவில்லை. நம் வீட்டில் நேற்று வைத்த மூக்குக் கண்ணாடியை இன்று தேட ஒரு மணி நேரம் ஆகிறது.

அதே அமெரிக்காவில் இந்த ஜாதியின் பெயருக்குப் பழைய கறை ஒன்றும் உண்டு. தப்பி ஓடிய கறுப்பின அடிமைகளின் பின்னால் பண்ணையார்கள் ஏவியதும் பிளட்ஹவுண்ட் என்று பெயர் சொன்ன நாய்களைத்தான். பிறகு 1977 ஜூன் 10ஆம் தேதி, மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ற ஜேம்ஸ் எர்ல் ரே டென்னசியின் பிரஷி மவுண்டன் சிறையிலிருந்து ஏணி வைத்து ஏறித் தப்பினான். சுமார் 54 மணி நேரம் கழித்து, மலைக்காட்டில் இலைச் சருகுகளை மேலே போட்டுக்கொண்டு படுத்திருந்தவனைக் கண்டுபிடித்தவை சிறையின் பிளட்ஹவுண்டுகள். சாண்டி, லிட்டில் ரெட் என்று இரண்டு இளம் பெட்டை நாய்கள்.

இன்றைக்கு அங்கே போலீஸ் பிளட்ஹவுண்டுகளைக் குற்றவாளிக்காக மட்டும் அழைப்பதில்லை. காட்டில் வழி தவறிய குழந்தை, ஞாபகம் மறந்து வீட்டைவிட்டு நடந்துபோன பெரியவர், இவர்களைத் தேடவும் கயிற்றைக் கட்டிக் கிளம்புகிறார்கள். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். கொலைகாரனாக இருந்தாலும் குழந்தையாக இருந்தாலும், கண்டுபிடித்ததும் அது கவ்வாது. வாலை ஆட்டிக்கொண்டு முகத்தை நக்கும். நம் நிருபர்கள் அங்கே போனால் ‘யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை’ என்று மனசாட்சிப்படி எழுதலாம்.

பார்னபியும் பர்கோவும் லண்டனை விட்டுப் போய் ஐம்பது வருடம் கழித்து, 1938இல் லண்டன் போலீஸ் ஒருவழியாகப் பயிற்சி பெற்ற இரண்டு நாய்களைப் பணியில் சேர்த்தது. இரண்டுமே லாப்ரடார்.